அத்தானின் சனிக்கிழமைக் குளியல்

ஹைதராபாதுக்கு வேலைக்கு வந்த தமிழ் ஆண்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். முடி கொட்டியவர்கள், முடி கொட்டிக்கொண்டிருப்பவர்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று யாராவது சொன்னால், அவர் போன வாரம்தான் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

பழி எல்லாம் போர்வெல் தண்ணீர் மேல்தான். பேகம்பேட்டில் இன்னும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அலுவலகக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானம் தாழப் பறக்கும்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். நாங்கள் அதே கண்ணாடியில் எங்கள் நெற்றியைப் பார்ப்போம். மதியச் சாப்பாட்டில் ப்ராஜெக்ட்டைப் பற்றிப் பேசியதைவிடக் கேன் தண்ணீரில் தலை குளிப்பதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ஒருவர் வெங்காயச் சாறு தடவிக்கொண்டு வருவார் (அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டார்கள்). நான் குளியலறைக் குழாயில் ஒரு வடிகட்டி வாங்கி மாட்டினேன். அது நன்றாகவே வேலை செய்தது. முடியை மட்டும் வடிகட்டியது.

போனில் இதைச் சொல்லி அழுதது அக்காவிடம். நெல்லையில் இருக்கும் அக்கா என் தலையைத் தன் குடும்பப் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு அத்தான் தன் வெள்ளை அம்பாசிடரை எடுத்துக்கொண்டு, அக்காவையும் பத்து வயதுப் பையன் சங்கரையும் ஏற்றி, வழியெல்லாம் கோயில் பார்த்துக்கொண்டு தார்நாகாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, டிக்கியிலிருந்து பெட்டி படுக்கைக்கு முன்னால் இறங்கியது செக்கு நல்லெண்ணெய் டின். அதற்கடுத்து ஒரு பெரிய பாலிதீன் பை நிறைய வீட்டில் அரைத்த சீயக்காய்.

"தம்பி, இனிமே சனிக்கிழமை தோறும் ஒழுங்கா எண்ணெ தேய்ச்சுக் குளிக்கணும், சொல்லிட்டேன்," என்றாள் அக்கா. எனக்கு முப்பத்தைந்து வயது, கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். சரிக்கா என்றேன்.

ஒரு வாரம் எங்களோடு இருந்துவிட்டு, அங்கிருந்து இரண்டு குடும்பமும் ஒரே காரில் ஷீரடி போவதாகத் திட்டம். ஆனால் என் மகள் யாழினிக்கு வேறு திட்டம் இருந்தது.

யாழினிக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் பேசும் தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் எந்த மொழியில் வருமென்று அவளுக்கே தெரியாது. "ஏட்டி, சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டால் "ஹவ், தினேசானு அத்தை" என்பாள், ஆமாம் சாப்பிட்டேன் என்று. அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "என்ன மாப்ளே, பிள்ளை ஒரு வாய்க்குள்ள மூணு ஊரை வச்சிருக்கா?" என்றார்.

அவளுடைய வகுப்புத் தோழி ஷ்ரவ்யா, பட்டான்செரு தாண்டி ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்திருந்தாள். அங்கே மூன்று மாடி உயரத்தில் ஒரு நீலச் சறுக்கு. வாசலில் மரக்கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையின் உயரம் இல்லாத பிள்ளைகள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டுதான் அதில் சறுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் சறுக்கியாகிவிட்டது. நான் இரண்டு முறை கூட்டிப் போவதாகச் சொல்லி, இரண்டு முறையும் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்று கடைசி நேரத்தில் கைவிரித்திருந்தேன். இந்த விடுமுறையில் என் அப்பாவோடு சறுக்குவேன் என்று அவள் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது சறுக்கியிருக்க வேண்டும். அந்தக் கோடையில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பூங்கா ஷீரடிச் சாலையில்தான் இருந்தது. தட்டிக்கழிக்க வழியில்லை.

ரிலீஸ் மட்டும் காரணமில்லை என்பது என் மனைவி மலருக்குத் தெரியும். எனக்கு உயரம் என்றால் பயம், தண்ணீர் என்றால் பயம். இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்து அதற்கு டிக்கெட்டும் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தும் படித்துறையின் கடைசிப் படியைத் தாண்டாதவன் நான். அத்தான் அப்படியில்லை. அவர் பாலத்திலிருந்து குதிக்கிற ஆள்.

விடிந்ததும் கிளம்பிவிட்டோம். அன்றைக்குச் சனிக்கிழமை. இந்த ஒரு விஷயத்தை நான் கிளம்புவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

பூங்கா வாசலில் அம்பாசிடரை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு அத்தான் டிக்கெட் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏல மாப்ளே, குளிக்கதுக்கா டிக்கெட்டு?"

"குளிக்கறதுக்கு இல்ல அத்தான், விளையாடுறதுக்கு."

"தண்ணிக்குள்ளதான?"

"ஆமா."

"தலை நனையும்லா?"

"நனையும்."

"அப்ப குளிக்கதுதாம்," என்று தீர்ப்புச் சொன்னார் அத்தான். "சனிக்கிழமையும் அதுவுமா எண்ணெ தேய்க்காமத் தலை நனைக்கச் சொல்லுதியா?"

அத்தானின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் குடும்பத்தில் பேர்போனது. காய்ச்சல், தேர்தல் வேலை, மழை வெள்ளம் எதற்கும் அது நின்றதில்லை. அவர் கல்யாணத்தைச் சனிக்கிழமை வைக்காமல் போனதால்தான் அக்காவுக்குத் தாலி சரியான நேரத்தில் ஏறியது.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அத்தான், இங்கெல்லாம் அது கூடாது' என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ இன்ஜினியர் அல்லவா, யோசித்தேன். பூங்காத் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரின் முடிக்கு ஆகாது. எண்ணெய் தடவிக்கொண்டால் நடுவில் ஒரு காப்பு மாதிரி இருக்குமே. இந்த ஞானத்தை நான் வாய்விட்டுச் சொன்னேன். மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எழுத்து வடிவம் கிடையாது.

ஐந்தாவது நிமிஷம் அம்பாசிடருக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு துண்டு விரித்து, நானும் அத்தானும் அரை டிராயரோடு உட்கார்ந்திருந்தோம். அக்கா என் உச்சந்தலையில் ஒரு கை எண்ணெயை வைத்து அடித்த அடியில் எனக்குப் பல் ஆடியது. தலையோடு விட்டார்களா என்றால் இல்லை. நெஞ்சு, முதுகு, கை, கால், முழங்கால் மடக்கு வரைக்கும் வழிய வழியத் தேய்த்தார்கள். சங்கருக்கும் அதே மரியாதை. காரிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு குழந்தை நின்று பார்த்தது, அதன் அம்மா இழுத்துக்கொண்டு போனாள்.

யாழினி காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"நீயும் வாட்டி," என்றாள் அக்கா.

"நக்கோ அத்தை," என்றது உள்ளேயிருந்து குரல். "எவரைனா சூஸ்தாரு." வேண்டாமாம், யாராவது பார்த்துவிடுவார்களாம். பார்த்தால்தான் என்ன என்று நான் மின்னிக்கொண்டே கேட்டேன்.

எண்ணெய் தேய்த்தால் உடனே குளிக்கக் கூடாது, ஊற வேண்டும். அது அத்தான் வகுத்த சட்டம். "உள்ள போயி ஊறிக்கிடலாம், டிக்கெட்டுக்கும் கணக்குச் சரியாப் போவும்," என்றார்.

உள்ளே போகுமுன் எல்லாரும் நைலான் உடை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சீருடை போட்ட காவலாளி உடை நைலானா பருத்தியா என்று மட்டும் கிள்ளிப் பார்த்து அனுப்பினார். உடைக்குள் இருப்பவன் எதில் பொரித்தெடுத்தவன் என்று அவர் பார்க்கவில்லை. ஷவரில் நின்றுவிட்டுப் போக வேண்டும் என்றும் ஒரு விதி. நின்றோம். தண்ணீர் எங்கள் மேல் விழுந்து, எங்களைத் தொடாமலே உருண்டு போய்விட்டது.

உள்ளே போனதும் யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள். (பிடி வழுக்கியது. மறுபடி பிடித்தாள்.) எதிரே நீலச் சறுக்கு. நேரில் அது மூன்று மாடியாகத் தெரியவில்லை. மேலே நின்றவர்களைப் பார்க்க அண்ணாந்தால், எனக்குக் கீழே நிற்கும்போதே தலை சுற்றியது.

"முதல்ல சின்னக் குளத்துல கொஞ்சம் பழகிக்கலாம்மா," என்றேன்.

"ப்ராமிஸ் பண்ணீங்க."

"போவோம், போவோம். உடம்பு தண்ணிக்குப் பழகணும்ல."

கோழைத்தனம் எப்போதும் நல்ல காரணத்தோடுதான் வரும். யாழினி பின்னால் வந்தாள்.

சின்னக் குளம் முழங்கால் ஆழம். நடுவில் ஒரு பெரிய சிவப்புக் காளான், அதன் குடையிலிருந்து சுற்றிலும் தண்ணீர் திரையாக விழும். எனக்குப் பொருத்தமான ஆபத்து அதுதான். அத்தான் அலைக்குளம் பக்கம் போய்விட்டார். மலரும் அக்காவும் கரையில் பைகளோடு உட்கார்ந்தார்கள். நான் குழந்தைகளுக்கு நடுவில் தண்ணீரில் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றித் தண்ணீரில் வானவில் தெரிய ஆரம்பித்தது. முதலில் அழகாக இருக்கிறதே என்று நானும் ரசித்தேன். பிறகு பார்த்தால் அது வளையம் வளையமாக என்னிடமிருந்துதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தேன், வளையமும் நகர்ந்தது. வலப்பக்கம் போனேன், கூடவே வந்தது. ஒன்றும் தெரியாதவன் போல் வானத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பையன் தன் கையை மோந்து பார்த்துவிட்டு அவன் அப்பாவிடம் போய்க் காட்டினான்.

அப்போதுதான் கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யாழினி!"

ஷ்ரவ்யா. அவள் பக்கத்தில் அவள் அம்மா. பெற்றோர் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், நல்ல உயரமான பெண்மணி. யாழினியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பாவோட ப்ளூ ஸ்லைடு போறேன்," என்று இங்கிருந்தே கத்தினாள். நான் மின்னும் கையை ஆட்டினேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து அத்தானுக்கு ஊறியது போதும் என்று தோன்றியிருக்கிறது. அலைக்குளத்துக் கரையில் நின்றுகொண்டு, தாமிரபரணியில் அக்கரைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்: "ஏல சங்கரு, ஊறினது போதும். சீயக்காயைப் போட்டு அலசு. மாமாவுக்கும் கொடு."

சங்கர் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அக்காவின் பையிலிருந்து அந்தப் பெரிய பாலிதீன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். காளானுக்கு அடியில் நின்றான். எனக்கு விஷயம் புரிந்து எழுந்திருப்பதற்குள், எண்ணெய்க் கையால் முடிச்சை இழுத்தான். முடிச்சு அவிழவில்லை. பைதான் கிழிந்தது.

ஆறு மாதத்துக்கென்று அரைத்த சீயக்காய் மொத்தமும் காளான் தண்ணீரோடு குளத்தில் இறங்கியது.

சீயக்காய் தண்ணீரில் கரையும்போது என்ன நிறத்தில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைகள் குளிக்கும் குளத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில், அந்த நிறம் மெதுவாகப் பரவினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்பதும் தெரியும்.

முதலில் ஒரு அம்மா தன் குழந்தையை வெடுக்கென்று தூக்கினாள். அடுத்த நொடி எல்லாரும் தூக்கினார்கள். தூக்க ஆளில்லாத பிள்ளைகள் தாமே ஓடின. கரையில் நின்ற காவலாளி விசிலை ஊதினார், நிறுத்தவே இல்லை. "பாஹர்! சப் பாஹர்!" எல்லாரும் வெளியே என்று. குளம் காலியாகிவிட்டது. நடுவில் நான், கிழிந்த பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சங்கர், எங்கள் இருவருக்கும் முன்னால் யாழினி. பழுப்பு மேகம் அவள் காலைச் சுற்றித்தான் இருந்தது.

மூன்று பேரில் சின்னவள் அவள். குளத்தைச் சுற்றி நின்ற அத்தனை கண்களும் அவளைப் பார்த்தன. ஷ்ரவ்யா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"யாழினி," என்று மெதுவாகக் கேட்டாள், "நுவ்வேனா?" நீதானா என்று.

என் மகள் வாயைத் திறந்தாள். மூன்று மொழியில் ஒன்றுகூட வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும், அவள் வகுப்புக்குள் நுழைவாள், நீலச் சறுக்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

நான் அலுவலகக் கூட்டங்களில் யாராவது கேள்வி கேட்டால் குனிந்து பேனாவைத் தேடுகிற ஆள். அன்றைக்கு எழுந்து நின்றேன். தொப்பையில் எண்ணெய் வழிய, இரண்டு கையையும் தூக்கி, என் ஹைதராபாத் ஹிந்தியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "யே வோ நஹி ஹை! சிகாகாய் ஹை! தலைக்குப் போடுறது! சிகாகாய்!" நீங்கள் நினைக்கிற அது இல்லை என்று.

யாரும் நம்பவில்லை. "கைக்கு ஜூட் போல்ரே, பாய்?" என்றார் காவலாளி வருத்தத்தோடு. எதற்குப் பொய் சொல்கிறீர்கள், குழந்தைதானே என்றார். அவர் அப்படி இரக்கப்பட்டதுதான் இன்னும் மோசம். கூட்டம் முழுக்க யாழினியைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. குனிந்தேன். இரண்டு கையாலும் குளத்தின் அடியில் படிந்திருந்த அந்தப் பழுப்பு விழுதை அள்ளினேன். எல்லாரும் பார்க்கும்படி உயரத் தூக்கிக் காட்டினேன். என் தலையில் வைத்தேன். தேய்த்தேன்.

கூட்டம் முழுக்க ஓர் அடி பின்னால் போனது. ஒருவர் குழந்தையின் கண்ணைப் பொத்தினார். காவலாளியின் வாயிலிருந்து விசில் தானாக நழுவி விழுந்தது. மலர் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள் (அந்த ஆள் யாரென்றே தெரியாது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்).

இதற்கு நடுவில் அத்தான் வந்து சேர்ந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. குளத்தில் நான் தலைக்குத் தேய்த்துக்கொண்டு நிற்பதை மட்டும் பார்த்தார். மனம் குளிர்ந்துவிட்டார்.

"அப்படித்தாம்ல மாப்ளே," என்றார் சத்தமாக. "நல்லா அழுத்தித் தேய்."

நான் அழுத்தித் தேய்த்தேன். எனக்கு வேறு என்ன வேலை? சீயக்காய் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணுக்குள் போனது. அது கண்ணில் பட்ட எரிச்சலை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் கொட்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் அங்கே நடந்ததை எனக்குக் காதுதான் சொன்னது.

"ஆகண்டி, ஆகண்டி." பொறுங்கள் என்று ஒரு பெண் குரல். யாரோ தண்ணீரில் இறங்கி என்னிடம் வரும் சத்தம். என் தலைக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். ஷ்ரவ்யாவின் அம்மா.

"இதி சீகாயே," என்று அறிவித்தார். பிறகு கரையைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு நீளமான வசவு விட்டார். எனக்குப் புரிந்தவரைக்கும் அதன் சாரம்: உங்கள் வீட்டில் யாரும் தலை குளித்ததே இல்லையா, மூக்கு எதற்கு இருக்கிறது, ஒரு பச்சைப் பிள்ளையை நிற்கவைத்து வேடிக்கை பார்க்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

எங்கேயோ ஒருவர் சிரித்தார். அப்புறம் குளம் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் ஷ்ரவ்யாவின் அம்மா கரையேறி அக்காவிடம் போய்விட்டார். வெந்தயம் போட்டீர்களா என்று அவர் தெலுங்கில் கேட்க, ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் போட்டிருக்கிறது என்று அக்கா நெல்லைத் தமிழில் சொல்ல, இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பூங்கா மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குளத்தை வடித்துக் கழுவ வேண்டும், நீங்கள் உடனே கிளம்புங்கள் என்றார். அது நியாயம்தான். நான் கண்ணைத் திறக்க முடியாமலே தலையை ஆட்டினேன். அப்போது என் கை அசைந்தது. யாழினி பிடித்திருந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. போகலாம் என்கிற மாதிரி சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒரே ஒரு தடவை," என்றேன், மேனேஜர் நிற்பதாக நான் நினைத்த திசையைப் பார்த்து. "என் பொண்ணோட அந்த ஸ்லைடு ஒரே ஒரு தடவை. அப்புறம் போயிடுறோம்." நான் பேசியது ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்து என்று மலர் இன்றுவரை சொல்கிறாள். ஷ்ரவ்யாவின் அம்மாதான் மேனேஜரிடம் எனக்காகப் பேசினார். அந்தம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட எங்களைச் சறுக்க விடுவது மேல் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். "டீக் ஹை. ஏக் பார்," என்றார், சரி, ஒரு தடவை என்று.

இப்படித்தான் நான் நீலச் சறுக்கில் ஏறினேன். என் தைரியத்தைப் பற்றி யாரும் தப்பாக எண்ண வேண்டாம். கண் தெரியவில்லை, அவ்வளவுதான். யாழினி கையைப் பிடித்துப் படிப்படியாகக் கூட்டிப் போனாள். மேலே போகப் போகக் காற்று வீசியது, கீழே இருந்த சத்தமெல்லாம் குறைந்தது. உயரம் என்ன என்று பார்க்க முடியாததால் நான் அதைப் பற்றி நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அது பார்ப்பதைவிட மோசம். உச்சியில் என்னை உட்காரவைத்து, என் முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் இறுக்கிப் பிடித்த பிடியிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். எட்டு வருஷத்தில் முதன்முறையாக, வேறெதுவும் கலக்காமல், அக்காவிடம் ஒரு வாரம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட நெல்லைத் தமிழில் சொன்னாள்:

"பயப்படாதீங்கப்பா. நான் இருக்கேம்லா."

சறுக்கில் உட்கார்ந்தவர்கள் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு கிளம்புவார்கள். நாங்கள் தள்ளவில்லை. செக்கு நல்லெண்ணெய் ஒரு படி என் முதுகில் அப்படியே இருந்தது. சீயக்காய் தலைக்கு மட்டும்தானே போட்டிருந்தேன். பின்னால் நின்ற ஆள் 'ரெடி' என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சொல்லின் பின்பாதியை நாங்கள் கேட்கவில்லை.

அந்தச் சறுக்கில் மூன்று வளைவு இருந்ததாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து ஒன்றுதான், மீதி இரண்டும் எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை. நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், ஷீரடியில் இருப்பவரை முதலில். என் மடியில் யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் அவளிடம் நான் கேட்டதில்லை. கீழே வந்ததும் எல்லாரும் குளத்தில் முங்குவார்கள். நாங்கள் முங்கவில்லை. குளத்தின் மேலேயே போய், எதிர்க்கரைப் படியில் உட்கார்ந்து துவட்டிக்கொண்டிருந்த அத்தானின் மடியில் போய் நின்றோம்.

"வந்துட்டியா மாப்ளே," என்றார் அத்தான்.

ஷ்ரவ்யா ஓடிவந்தாள். மூக்கிலிருந்து கையை எப்போதோ எடுத்திருந்தாள். இவ்வளவு வேகமாக யாருமே வந்ததில்லை, எப்படி என்று கேட்டாள். யாழினி என் கையைத் தூக்கிக் காட்டி, தொழில் ரகசியத்தைச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்: "நூனெ." எண்ணெய். ஷ்ரவ்யா உடனே தன் அம்மாவைப் பார்த்து எனக்கும் நூனெ வேண்டும் என்று அடம்பிடிக்க, பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்துகொள்ள, மேனேஜர் எங்களை வாசல்வரைக்கும் தானே வந்து வழியனுப்பினார். வழியெல்லாம் அம்பாசிடர் சீட்டில் நான் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டே போனேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. யாழினி வகுப்பின் அதிவேகச் சறுக்குக்காரி ஆனாள். பழுப்பு மேகத்தைப் பற்றி ஷ்ரவ்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நட்பு அன்றைக்கு உறுதியானதுதான்.

அடுத்த கோடையில் எங்கள் டீம் அதே பூங்காவுக்குச் சுற்றுலா போனது (எனக்கு அன்று பார்த்துக் காய்ச்சல்). திரும்பி வந்தவர்கள் வாசலில் ஒரு புதுப் பலகை பார்த்ததாகச் சொன்னார்கள். உடம்பில் எண்ணெய் தேய்த்தவர்களுக்கும் தலைக்குப் பொடி கொண்டுவருபவர்களுக்கும் அனுமதி இல்லை என்று தெலுங்கில், ஹிந்தியில், ஆங்கிலத்தில். நான்காவதாகத் தமிழில். அந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பலகையிலும் தமிழ் கிடையாது. எந்த மகராசனால் வந்தது இது என்று சாப்பாட்டு மேஜையில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நான் குனிந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். ஹைதராபாதில் தமிழ் வளர்த்தவன் என்ற பெருமையை இதுவரை நான் எங்கும் கோரியதில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் காரியத்துக்குத் தயங்கினாலும், பரீட்சையோ வேலையோ பெண் பார்க்கப் போவதோ, "நல்லா அழுத்தித் தேய்" என்றுதான் ஆசீர்வாதம் செய்வார்கள். புதிதாக வந்த மருமக்களுக்கு முதலில் சொல்லப்படும் கதையும் இதுதான்.

யாழினி கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு எண்ணெய் வைக்கிற சடங்கு. வரிசையாக எல்லாரும் வந்து அவள் உச்சியில் ஒரு சொட்டு வைத்தார்கள். பட்டுப்புடவையில் ஷ்ரவ்யா வந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். பெண்ணிடம் போகாமல் நேரே என்னிடம் வந்து, "ஸ்பீட் கோசம், அங்கிள்," என்று ஒரு கை நிறைய என் தலையில் வைத்தாள். வேகத்துக்காகவாம். மண்டபமே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எண்ணெய் பட்டுவிட்டது என்றேன். மணையில் இருந்த யாழினி எட்டி என் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்கப்பா," என்றாள். "நான் இருக்கேம்லா."

முன்வரிசை நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அத்தானுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, கண் நன்றாகத் தெரிகிறது. என் தலையில் எண்ணெயைப் பார்த்தார். ஷ்ரவ்யாவைப் பார்த்தார்.

"நல்லா அழுத்தித் தேய்ம்மா," என்றார்.

அவளும் அழுத்தித் தேய்த்தாள். தேய்க்க அங்கே முடி என்று ஒன்று இல்லை என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் பெரிதுபடுத்தவில்லை.